பூஜ்யத்துக்குக் கீழே கிடந்த தேங்காய்கள்

ஓய்வு பெற்ற பிறகு எதற்கும் அதிர்ச்சி அடைவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அரசு நிறுவனம் ஒன்றின் ஸ்டோர்ஸில் இளநிலை உதவியாளராக நுழைந்து, ஸ்டோர்ஸ் அதிகாரியாக வெளியே வந்தவன் நான். அதிர்ச்சி அடைவதற்கு உண்டான எல்லாவற்றையும் அங்கேயே பார்த்து முடித்தாயிற்று என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஸ்டோர்ஸில் பூஜ்யம் என்பது தரை. அதற்குக் கீழே எதுவும் கிடையாது. ஒரு போல்ட் தீர்ந்துபோனால் ‘இருப்பு இல்லை’ என்று முத்திரை குத்திச் சீட்டைத் திருப்பி அனுப்புவோம். பொது மேலாளரே நேரில் வந்து நின்றாலும் இல்லாத போல்ட்டை எடுத்துக் கொடுக்க முடியாது. கொடுத்ததாக எழுதினால் அன்று மாலையே மெமோ கைக்கு வரும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நிர்வாகமும் இயற்கையும் ஒத்துப்போயின.

ஆகவே தென்காசியில் ஒரு தேங்காய் மண்டியின் கணினித் திரையில், ‘தேங்காய், முதல் தரம், இருப்பு: மைனஸ் 3412’ என்று சிவப்பு எழுத்தில் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மைனஸ் அங்கேயேதான் இருந்தது. திரைக்குப் பின்னால், கதவு திறந்திருந்த கிடங்குக்குள், ஆள் உயரத்துக்குத் தேங்காய் குவிந்து கிடந்தது.

அந்த அறையில் இருந்த யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் என் முதல் அதிர்ச்சி.

நான் அங்கே போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மண்டிக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் சாரல் காலத்துச் சிநேகிதர். அந்த மாதங்களில் காலையில் கூட்டம் வருவதற்கு முன்பே குற்றாலம் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது எங்கள் இருவருக்கும் வழக்கம். அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வார். நான் வைத்துக்கொள்வதில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றியே பேசிப் பல வருடங்களை ஓட்டியிருக்கிறோம்.

ஒரு திங்கட்கிழமை குளித்து முடித்ததும் அவர் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, “குடோன்ல காய் போவுது சார்” என்றார்.

யார் எடுப்பது என்று கேட்டேன். கிடங்குச் சாவியை வைத்திருப்பவர்தான் என்றார். அந்தக் கிடங்குக்காரரை எனக்குத் தெரியும். ராயகிரிப் பக்கத்து ஆள். மூட்டை தூக்க வந்து, அண்ணாச்சியின் தகப்பனார் காலத்திலேயே சாவி கைக்கு வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். சாவியை இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருப்பார். அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சியின் மகன் வளைகுடாவில் ஒரு பெரிய கிடங்கில் வேலை பார்க்கிறான். கோடைக்கு வந்திருந்தபோது மண்டிக்கு ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டுவிட்டுப் போனான். வரவு, விற்பனை, இருப்பு எல்லாவற்றையும் அங்கிருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். சாரல் தொடங்கி வியாபாரம் ஏறிய சில வாரங்களில் இருப்பு சிவப்பாக மாறியது. அன்றிலிருந்து தினமும் ஃபோன். “அப்பா, ஸ்டாக் மைனஸ்ல போவுது. ஆள் யாருன்னு பாருங்க.” அவன் வேலை பார்க்கிற இடத்தில் மைனஸ் வந்தால் அன்றைக்கே விசாரணையாம். விசாரணையில் என்ன கேட்பார்கள் என்பதை அவன் தெரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது.

இங்கே அண்ணாச்சி விசாரித்த முறை வேறு. கிடங்குக்காரரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை தன்னோடு சாஸ்தா கோவிலுக்கு வந்து கற்பூரம் அணைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சன்னிதியில் கற்பூரத்தை ஏற்றி, ‘நான் எடுக்கவில்லை’ என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொன்னால் சாமி பார்த்துக்கொள்ளும். அணைக்காவிட்டால் சனிக்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.

கிடங்குக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

“எடுக்காதவன் எதுக்கு சார் பயப்படுதான்?” என்றார் அண்ணாச்சி.

சரக்கு இருப்புச் சரிபார்ப்பு விதிகள் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அவற்றில் கற்பூரம் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. நான் ஒருமுறை வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். வாங்க சார், உங்களுக்குத் தெரியாததா என்றார். நான் கண்டுபிடிக்கப்போவது திருடனை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்படித்தான் செவ்வாய்க்கிழமை அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பில் போடும் பெண் எனக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டினாள். பி.காம். முடித்தவள், கெட்டிக்காரி. இல்லாத சரக்குக்குப் பில் போட மென்பொருள் எப்படி விட்டது என்று கேட்டேன். அவள் ஒரு பக்கத்தைத் திறந்தாள். ‘பூஜ்யத்துக்குக் கீழ் இருப்பை அனுமதிக்கவும்’ என்று ஒரு வரி. அதற்கு எதிரே டிக் போட்டிருந்தது.

“அந்த டிக்கை எடுத்துட்டா என்ன ஆகும்?”

“பில்லே போட விடாது சார். லாரி வெளிய நிக்கும். டிரைவர் ஹாரன் அடிப்பான். அண்ணாச்சி உள்ள இருந்து சத்தம் போடுவாவ. கம்பெனிக்காரங்கதான் டிக் போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க.”

எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு பூட்டு இருந்தது. இங்கே பூட்டையும் வைத்து, அதைத் திறந்தே வைப்பதற்கு ஒரு வசதியையும் சேர்த்து விற்றிருக்கிறார்கள். இல்லாததைக் கொடுக்கலாமா என்று கேட்டு, கொடுக்கலாம் என்று முதலாளியிடம் ஒருமுறை சம்மதம் வாங்கிவிட்டால், அதன் பிறகு அது கேட்பதேயில்லை. மனிதனாக இருந்தால் நாலாவது முறையாவது முகத்தைச் சுளிப்பான்.

கிடங்குக்காரர் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், அடுத்த விசாரணை வந்துவிட்டது என்பது போல வேட்டியை இறக்கிவிட்டார். ஏன் கற்பூரம் அணைக்க மறுத்தீர்கள் என்று தனியாகக் கேட்டேன்.

“எடுக்கலன்னு அணைச்சிருவேன் சார், அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார். “ஆனா பொறவு ஊரு என்ன சொல்லும்? ‘அவன் கற்பூரம் அணைச்சவன்லா’ன்னு சொல்லும். எடுத்தானா எடுக்கலியான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

அவர் சொன்னது சரி. குற்றாலத்திலிருந்து பாவூர்சத்திரம் வரை எந்த மண்டியிலும், கற்பூரம் அணைத்தவன் கையில் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அணைத்தால் பெயர் போகும். அணைக்காவிட்டால் வேலை போகும், அதோடு பெயரும் போகும். இடையில் இருந்தது இரண்டு நாள்.

“சார், அந்தப் பெட்டியில என்னதான் போட்டிருக்கு?” என்று கேட்டார். மைனஸ் மூவாயிரத்துச் சொச்சம் என்றேன். அவர் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மைனஸ்னா?”

“ஒண்ணுமே இல்லைங்கிறதுக்கும் கீழே.”

“ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ போயி நான் என்னத்த சார் எடுக்க?” என்றார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

முறைப்படி செய்வோம் என்று தொடங்கினேன். வரத்தையும் விற்பனையையும் நிறுத்தச் சொன்னேன். அண்ணாச்சி மதியம் வரை என்று அனுமதி கொடுத்தார். இரண்டு சுமைதூக்கிகளை வைத்து, குவியலை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு எண்ணி மாற்றினோம். கிடங்குக்காரரைத் தொட விடவில்லை. சந்தேகத்துக்கு உள்ளானவர் எண்ணக் கூடாது என்பது விதி. அவர் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, தன் கிடங்கைப் பிறர் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமைதூக்கிகளில் ஒருவன், “அண்ணே, இன்னைக்கு ஒமக்கு லீவு, டீ வாங்கியாரும்வே” என்று கேலி செய்தான். அவர் சிரித்தார். எழுந்து போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்.

இரண்டாயிரத்துச் சொச்சம் காய்கள் இருந்தன. திரையிலோ மைனஸ் மூவாயிரத்து நானூறு. அதாவது கணக்கைவிட ஐந்தாயிரத்துக்கும் மேலே காய் கூடுதலாக இருந்திருக்கிறது.

நான் அண்ணாச்சியின் அறைக்குப் போய், இதை ஒரு குழந்தைக்குச் சொல்வது போல எடுத்துச் சொன்னேன். திருடன் வந்தால் திரையில் நூறு இருக்கும், தரையில் தொண்ணூறு இருக்கும். இங்கே திரையில் ஒன்றும் இல்லை, தரையில் குவியல் இருக்கிறது. தேங்காய் குறையவில்லை, கூடியிருக்கிறது.

“உங்க ஆள் திருடன்னா, யாருக்கும் தெரியாம தேங்காயைக் கொண்டுவந்து போட்டுட்டுப் போற திருடன். அப்படி ஒருத்தனை நான் கேள்விப்பட்டதில்லை” என்றேன்.

அண்ணாச்சி வெகு நேரம் யோசித்தார். முகத்தில் தெளிவு வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“அப்போ எவன் காயோ திருடிட்டு வந்து இங்கன பதுக்குதானா?”

என் இரண்டாவது அதிர்ச்சி அது. ஒரு மனிதனைத் திருடன் என்று முடிவு செய்துவிட்டால், காய் குறைந்தாலும் அவன்தான், கூடினாலும் அவன்தான். கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவன் தலையில்தான் விழும். அண்ணாச்சி கெட்டவர் அல்ல. ஒரு முடிவை எடுத்த பிறகு அதை வீணாக்க மனம் வராதவர். எங்கள் அலுவலகத்திலும் அப்படிப்பட்டவர்கள்தான் பதவி உயர்வு பெற்றார்கள்.

கிளம்பும்போது வழக்கம் போல என் பையில் இரண்டு தேங்காயைப் போட்டுக் கொடுத்தார். நானும் வழக்கம் போல வாங்கிக்கொண்டேன்.

அன்று முழுவதும் யோசித்தேன். எங்கள் ஸ்டோர்ஸில் கூடுதல் இருப்பு வந்தால் மூன்று காரணங்களைத் தேடுவோம். வரவு வைக்காமல் சரக்கு உள்ளே வந்திருக்க வேண்டும், அல்லது கொடுக்காமல் கொடுத்ததாக எழுதியிருக்க வேண்டும், அல்லது அளவில் தவறு நடந்திருக்க வேண்டும். பில் போடும் பெண் தவறு செய்கிற ஆளாகத் தெரியவில்லை. வாங்குகிற ஹோட்டல்காரர்களும் விடுதிக்காரர்களும் ஒரு காய் குறைந்தாலும் சாலையில் நின்று சத்தம் போடுகிறவர்கள். மிச்சம் இருந்தது வரவு. காய் வந்து இறங்குவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் ஒரு டெம்போ வந்தது. கூடவே காய்க்குச் சொந்தக்காரரான விவசாயி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாரலில் நனைந்தபடி இறங்கினார். கிடங்குக்காரர் எண்ண ஆரம்பித்தார். அதைப் பார்ப்பதே ஓர் அழகு. கைக்கு இரண்டாக, இரண்டு கையிலும் நான்கு காயை எடுத்து ஒரு வீச்சு. வீச்சுக்கு வீச்சு சத்தமாக எண்ணிக்கை சொல்லுவார். இருபத்தைந்து வீச்சுக்கு ஒரு நூறு. நூறு ஆனதும் “நூறு” என்று உரக்கச் சொல்ல, சுவரில் ஒரு கரிக்கோடு விழும். விவசாயி தலையை ஆட்டுவார்.

நூறுக்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பார்த்தேன். கிடங்குக்காரர் வாயை மூடிக்கொண்டு இன்னொரு வீச்சு வீசினார். நான்கு காய். எண்ணிக்கை சொல்லவில்லை. கோடு போடவில்லை. அந்த ஒரு வீச்சின்போது மட்டும் விவசாயி முகத்தைத் திருப்பி, மேகம் இறங்கியிருந்த மலையைப் பார்த்தார். வீச்சு முடிந்ததும் திரும்பிக்கொண்டார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கை தொடங்கியது.

அடுத்த நூறிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும். வாய் மூடுகிறது, கை வீசுகிறது, விவசாயி மலையைப் பார்க்கிறார்.

“இப்போ போட்டது என்ன?” என்று கேட்டேன்.

“எது சார்?”

“நூறுக்கு அப்புறம் போட்டீங்களே, அது.”

“அதுவா? லாபக் காய் சார்” என்றார் கிடங்குக்காரர். இதுகூடத் தெரியாதா என்ற வியப்பு அவர் குரலில் இருந்தது. நூறு காய் விற்கிறவர் அதற்கு மேலே நாலு காயை மண்டிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எப்போதிலிருந்து என்று கேட்டால் எப்போதும் என்றார்கள். விவசாயியிடம் கேட்டேன். அவர் வெட்கப்பட்டவர் போலச் சிரித்து, “வழக்கம்லா சார்” என்றார்.

நான் நேராகத் திரைக்குப் போனேன். பில் போடும் பெண் அந்த டெம்போவின் வரவை ஏற்றிக்கொண்டிருந்தாள். லாபக் காயையும் சேர்த்து ஏற்றினாயா என்று கேட்டேன்.

“அது கணக்குல வராதுல்லா சார்.”

“விற்கும்போது?”

“விக்கும்போது எல்லாம் காய்தான சார்” என்றாள் அவள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வாங்கும்போது நூற்று நாலு, எழுதும்போது நூறு, விற்கும்போது நூற்று நாலு. கோடையில் குவியல் மலை போல இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. குற்றாலத்தில் கூட்டம் சேரச் சேர, ஹோட்டல்களுக்குக் காய் போகப் போக, குவியல் சிறுத்தது. திரை முதலில் தரையைத் தொட்டு, தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. அந்தப் பெட்டி ஒன்றும் பொய் சொல்லவில்லை. நீங்கள் வாங்கியதாக எழுதியதைவிட அதிகமாக விற்றிருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு நாளும் சிவப்பில் சொல்லிக்கொண்டிருந்தது. இது மண்டியில் எல்லாருக்கும் தெரியும். எண்ணுகிறவருக்கும் பில் போடுகிறவளுக்கும் தெரியும். தகப்பனார் காலத்திலிருந்து அதை அனுபவித்து வரும் அண்ணாச்சிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எண்ணக் கூடாது என்று பழகிவிட்ட சரக்கு கண்ணுக்கே தெரியாமல் போகும் என்று எந்த விதிப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மைனஸ் என்று அண்ணாச்சி பயந்தது அவர் இலவசமாக வாங்கிய காய். ஒரு மனிதர் தனக்குக் கிடைத்த லாபத்தையே களவு என்று நினைத்து, அதை எடுத்து வைத்துக் காத்த ஆளைக் கோவிலுக்கு இழுக்கப் பார்த்தார்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மெல்ல மாறியது. ஜன்னல் வழியாகக் கிடங்குக்காரரைப் பார்த்தார். “நாளைக்கு அங்கன கோவிலுக்கு வேண்டாம்னு அவன்ட்ட சொல்லிருதேன்” என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் மண்டிகளில் இல்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மகனின் ஃபோன் வந்தது. கைப்பேசியைச் சாய்த்து வைத்து, திரையில் மகன் முகம் தெரிய, அண்ணாச்சியே உற்சாகமாக விளக்கினார். காய் போகவில்லை, கூடத்தான் இருக்கிறது, எல்லாம் லாபக் காய். கிடங்குக்காரரும் கதவோரம் வந்து நின்றார். அவரைப் பற்றிய பேச்சு என்று அவருக்குத் தெரியும்.

மகன் புத்திசாலி. கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான். “சரி அங்கிள். அப்போ மொத்தம் எவ்வளவு லாபக் காய் வந்திருக்கணும்? நூத்துக்கு நாலுன்னா, வாங்குன அளவுக்கு அது ஏழாயிரத்துக்கு மேல வரணுமே. ஐயாயிரம்தான இருக்கு. மிச்சம் எங்க?”

அழுகியது, உடைந்தது, முளைவிட்டது என்று சொன்னேன். ஒவ்வொரு லாரி கிளம்பும்போதும் பிள்ளையாருக்கு ஒன்று உடைப்பதைச் சொன்னேன். அவன் வீட்டுச் சமையலறைக்குப் போவதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டில் அன்று காலை அரைத்த சட்னி நினைவுக்கு வந்தது. பில் இல்லாமல் போன காயில் வருடக்கணக்காக எனக்கும் பங்கு உண்டு. அதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

“அதெல்லாம் சரி அங்கிள். ஆனா எண்ணாத சரக்குல யாரு எவ்வளவு எடுத்தாலும் தெரியாதுல்லா?” என்றான்.

என்னால் மறுக்க முடியவில்லை. அது எங்கள் விதிப் புத்தகத்தின் முதல் பாடம். நானே எத்தனையோ புதிய உதவியாளர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மனிதனை விடுவிக்க நான் கொண்டுவந்த ஆதாரத்தை எடுத்தே அவன் புதிய குற்றச்சாட்டைச் செய்துவிட்டான். முதலில் இருந்ததைவிட இது மோசம். மைனஸுக்காவது ஓர் எண் இருந்தது. எண்ணாத சரக்குக்கு எல்லை கிடையாது, அதனால் சந்தேகத்துக்கும் எல்லை கிடையாது. அண்ணாச்சியின் கண் மறுபடி கதவுப் பக்கம் போவதைப் பார்த்தேன். போன வேகத்தைப் பார்த்து உண்மையாகவே ஆடிப்போனேன்.

கதவோரம் நின்றவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“மொதலாளி, நாளையில இருந்து நான் நூறோட நிறுத்த மாட்டேன். எல்லாத்தையும் எண்ணிருதேன்.”

அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டது. “அதான சரி. எண்ணிரு” என்றார். மகனுக்கும் பிடித்துவிட்டது. பில் போடும் பெண்ணைக் கூப்பிட்டு, வருகிற காயை எல்லாம் அவர் சொல்கிறபடியே ஏற்றச் சொன்னார்கள். எனக்கும் அது சரியான நடைமுறையாகத்தான் பட்டது. வந்த சரக்கு முழுவதையும் எண்ணி வரவு வைக்க வேண்டும். இதில் தவறு கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை நானும் போனேன். கற்பூரம் ஏற்றியிருக்க வேண்டிய நாள் என்பதால் போகாமல் இருக்க முடியவில்லை. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மூன்று டெம்போக்கள் வரிசையில் நின்றன. பின்னால் நின்ற இரண்டின் ஆட்கள் எதிரே டீக்கடையில் இருந்தார்கள். முதல் டெம்போவின் விவசாயி வயதானவர். குடையைப் பிடித்துக்கொண்டு மண்டி வாசலில் நின்றார். அண்ணாச்சி வழக்கம் போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கிடங்குக்காரர் எண்ணினார். நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போயிற்று. “நூறு” என்றார். கரிக்கோடு விழுந்தது. பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, முறைப்படி மலையைப் பார்க்கத் திரும்பினார்.

“நூத்தி ஒண்ணு” என்றார் கிடங்குக்காரர். அந்த வீச்சை மட்டும் ஒவ்வொரு காயாகப் போட்டார். “நூத்தி ரெண்டு. நூத்தி மூணு. நூத்தி நாலு.”

மலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பினார்.

“என்னவே எண்ணுதீரு?”

“காய எண்ணுதேன் அய்யா.”

“நூறு முடிஞ்சிட்டுல்லா?”

“முடிஞ்சிட்டு. இது நூத்தி நாலு.”

பெரியவர் குடையை மடக்கினார். வாழ்நாள் முழுவதும் அந்த நான்கைப் பார்க்காமல் இருந்தவர், தரையில் கிடந்த நான்கு காயையும் அப்போதுதான் பார்த்தார். காதில் விழுந்துவிட்ட பிறகு எப்படிப் பார்க்காமல் இருப்பது? அவர் கோபப்படவில்லை. மெதுவாக, “அப்ப பில்லையும் துட்டையும் நூத்தி நாலுக்கே போட்டிருங்க” என்றார்.

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே சாலையைக் கடந்து வந்தார்கள். என்னது, நூத்தி நாலுன்னு எண்ணுதாங்களா என்று ஒருவன் கேட்டான். உள்ளே பில் போடும் பெண் விசைப்பலகையில் கையை வைத்தபடி அண்ணாச்சியைப் பார்த்தாள்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். அவர் முகத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? தன் வீட்டுச் சுவர் ஒன்று சத்தமே இல்லாமல் நகர்ந்துவிட்டதைப் பார்த்தவர் போல நின்றார். ஒருமுறை என்னைப் பார்த்தார். இந்த நிலைமைக்கு எந்த விதி என்று கேட்பது போல இருந்தது. எனக்குத் தெரிந்த விதிகளில் இதற்கு ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி கிடங்குக்காரரிடம் போய்க் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “ஏலே, மனசுக்குள்ள எண்ணுலே” என்றார்.

கிடங்குக்காரர் நிமிரவில்லை. அடுத்த நான்கு காய் ஏற்கனவே கையில் இருந்தது.

“மனசுக்குள்ள எண்ணுனதுக்குத்தான மொதலாளி என்கிட்ட கற்பூரம் கேட்டிய?” என்றார்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் டீ கிளாஸோடு நின்றவர்கள் வரை எல்லாருக்கும் கேட்டது. கற்பூரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்குக் கேட்டார், யாரிடம் கேட்டார் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது. அணைத்திருந்தால் ஊர் கிடங்குக்காரரைப் பற்றிப் பேசியிருக்கும். இப்போது பேசப்போவது வேறு ஒருவரைப் பற்றி.

அண்ணாச்சி நிமிர்ந்தார். சாரல் அவர் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. நகரவில்லை. கிடங்குக்காரரும் கையிலிருந்த காயைப் போடாமல் காத்திருந்தார். சாவி இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகவும் அவர் தயாராக இருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு அண்ணாச்சி யார் முகத்தையும் பார்க்காமல், உள்ளே இருந்த பெண்ணுக்குக் கேட்கும்படி சொன்னார்.

“அவன் சொல்லுத மாதிரியே போடு.”

அவர் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். அடுத்த நூறு தொடங்கியது. நான்கு, எட்டு, பன்னிரண்டு. பெரியவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைப் பக்கம் அவர் திரும்பவேயில்லை.